உங்களுக்குத் தெரியுமா? – செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர்

● பழைய போர்ஷே 911 இன்ஜினில் சிலிண்டர்கள் பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கும். பக்கத்துக்கு ஒரு கேம்ஷாஃப்ட், அதைச் சுழற்ற இரட்டை வரிசை டைமிங் செயின், அந்தச் செயின் தொய்யாமல் பார்த்துக்கொள்ள ஒரு டென்ஷனர். கிராங்க் இரண்டு சுற்றுக்கு கேம் ஒரு சுற்று. செயின் பல் தாண்டி இந்தக் கணக்கு தப்பினால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். அப்புறம் இன்ஜினைப் பிரிக்கவேண்டியதுதான்.

● செயின் ‘நீண்டுபோச்சு’ என்பார்கள். இரும்பு இழுபடுவதில்லை. கண்ணிகளின் பின்னும் புஷ்ஷும் தேய்கின்றன; அத்தனை கண்ணியின் தேய்மானமும் சேர்ந்து நீளமாகத் தெரிகிறது.

● 1983 வரை வந்த 911-களில் டென்ஷனருக்குள்ளேயே ஸ்பிரிங்கும் கொஞ்சம் ஆயிலும் அடைத்திருக்கும். இன்ஜினின் ஆயில் பிரஷருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சீல் தேய்ந்து உள்ளே இருந்த ஆயில் கசிந்துவிட்டால், வாசர் போன சைக்கிள் பம்பு மாதிரி, அழுத்தியதும் பிளஞ்சர் உள்ளே போய்விடும். பின்பக்கத்திலிருந்து கடகடவென்று சத்தம் வரும். முன்னறிவிப்பே இல்லாமல் மடங்கியவையும் உண்டு. அதனால்தான் பலர் பிளஞ்சர் தண்டில் ஒரு வளையத்தை மாட்டி, அது ஓரளவுக்கு மேல் உள்ளே போகாமல் தடுத்து வைத்தார்கள். செலவு குறைவு, ஆனால் விபத்தைத் தடுக்குமே தவிர டென்ஷனரைச் சரிசெய்யாது.

● நிரந்தரத் தீர்வு 1984-இல் 3.2 லிட்டர் கரேராவோடு வந்தது. இன்ஜின் ஆயிலே தனிக் குழாய் வழியாக டென்ஷனருக்குப் போகும். பழைய கார்களிலும் இதைப் பொருத்தலாம். ஆயில் குழாய்க்கு இடம் விட்ட புது செயின் கவரும் கூடவே வேண்டும். அசல் மாறக் கூடாது என்று அடம்பிடிக்கும் சேகரிப்பாளர்கள் இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கலாம் என்பது என் கட்சி.

● ஆயில் ஊட்டும் டென்ஷனர் உள்ள கார், நாள்கணக்கில் நின்றுவிட்டு ஸ்டார்ட் ஆகும்போது ஓரிரு விநாடி சத்தம் போடலாம். பிரஷர் ஏறியதும் அடங்கிவிடும். சூடான பிறகும் கேட்டால் கவரைக் கழற்றிப் பார்க்கவேண்டும்.

● டென்ஷனரை மட்டும் மாற்றினால் போதாது. அது தள்ளுவது ஐட்லர் ஆர்மை. அதன் புஷ் இறுகிப் பிடித்திருந்தால் புது டென்ஷனரும் சீக்கிரம் போய்விடும். கையால் அசைத்துப் பார்த்தால் ஆர்ம் தடையின்றி நகரவேண்டும்.

● வேலை நடக்கும்போது கிராங்கைப் பின்னோக்கித் திருப்பவே கூடாது. தொய்வு டென்ஷனர் இல்லாத பக்கத்துக்குப் போய், செயின் பல் தாண்டிவிடக்கூடும்.

● பழைய 911-இல் ஆயில் அளவை, இன்ஜின் சூடாகி, சமதளத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்கவேண்டும். நிறுத்திவிட்டுப் பார்த்தால் தப்பான அளவு காட்டும். அதை நம்பி ஊற்றினால் அதிகமாகிவிடும்.

● 1948-இல் வந்த ஜாகுவார் எக்ஸ்கே இன்ஜினில் செயின் இரண்டு கட்டமாக ஓடும். மேல் செயினை மெக்கானிக் கையால்தான் இறுக்கவேண்டும். அதிகம் இறுக்கினால் கீச்சென்று முனகும், தளர விட்டால் தடதடக்கும்.

● மெர்சிடிஸ் 380 எஸ்.எல். அமெரிக்க மாடல்களில் 1983 வரை ஒற்றை வரிசைச் செயின்தான். 1984 முதல் இரட்டை. இன்றும் அந்தப் பழைய காரை வாங்க வருபவர், பெயிண்டைப் பார்க்கும் முன் கேட்பது, “செயினை டபுளா மாத்தியாச்சா?”