விரைவுணர்த்தும் வினையடை

இருமொழி கற்பார்க்கு நேரும் வழுக்களுள், கற்ற விதியை மறத்தலால் வருவன சில. கற்ற விதியை மறவாது போற்றுதலாலேயே வருவன சில. பின்னையவற்றுள் ஒன்றனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

யாம் பள்ளியிற் பயின்ற காலத்து, உடன் பயின்ற நண்பர் ஒருவர் ஓட்டப் பந்தயம் ஒன்றைப் பற்றி ஆங்கிலத்திற் பேசுமாறு பணிக்கப்பட்டார். நாலைந்து வாக்கியங்களைத் திருத்தமுறக் கூறியவர், இறுதியில் ‘ஹீ ரான் பாஸ்ட்லி’ என்று முடித்தார். வகுப்பு முழுதும் நகைத்தது. யாமும் உடன் நகைத்தோம். அதன்பின் அவ்வாண்டு முடியுங்காறும் அவர் வகுப்பில் ஆங்கிலம் பேச வாய் திறந்திலர். ‘அது பிழையாதல் எற்றால்?’ என்று எம்மை எவரேனும் அன்று வினவியிருப்பின், விடை கூற வல்லார் எம்முள் ஒருவரும் இலர். அக்கடனை இன்று தீர்க்க முயல்கின்றோம்.

ஆங்கிலத்திற் பண்புணர்த்தும் சொல்லின் இறுதியில் ‘லி’ சேர்ப்பின் அது வினையடையாம் என்பது நாம் இளமையிற் கற்ற விதி. ‘ஸ்லோ’ என்பது ‘ஸ்லோலி’ ஆகும். ‘க்விக்’ என்பது ‘க்விக்லி’ ஆகும். தமிழிலும் ‘விரைவு’ என்பதனோடு ‘ஆக’ சேர, ‘விரைவாக’ என வரும். இவ்வொப்புமையைக் கண்ட தமிழ் மாணவர், ‘ஆக’ வருமிடமெல்லாம் ‘லி’ வருதல் வேண்டும் எனக் கொள்வர். அங்ஙனம் கொள்ளுதல் அறியாமையன்று. விதியின்மேல் வைத்த பற்றேயாம். எனினும் ‘பாஸ்ட்’ என்னுஞ் சொல் அவ்விதிக்கு அடங்குவதன்று.

அதன் காரணம் அம்மொழியின் வரலாற்றில் உள்ளது. கி. பி. 1100-க்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில், பண்புச் சொல்லின் ஈற்றில் ‘எ’ என்னும் உயிரைச் சேர்த்து வினையடை ஆக்குதல் ஒரு வழக்கு. உடல், வடிவு என்னும் பொருள்தரும் பழஞ்சொல் ஒன்றினின்று பிறந்த விகுதியைச் சேர்த்தல் மற்றொரு வழக்கு. இன்றைய ‘லி’ அதன் வழிவந்ததே. ‘பாஸ்ட்’, ‘ஹார்ட்’, ‘லேட்’ என்பன முதல் வழக்கினால் வினையடையாயின. பிற்காலத்தில் ஈற்றுயிர் தேய்ந்து கெட்டமையின், பண்புச் சொல்லும் வினையடையும் ஒரே வடிவின ஆயின. ஆகவே ‘ஹீ ரான் பாஸ்ட்’ என்பதே செம்மையான தொடர்.

அச்சொல்லின் பழம்பொருள் விரைவன்று, உறுதியாம். ‘பாஸ்ட் அஸ்லீப்’ என்றால் ஆழ்ந்து உறங்குதல். ‘ஹோல்ட் பாஸ்ட்’ என்றால் இறுகப் பற்றுதல். ஊக்கத்தோடு ஓடுதலைக் குறித்து வந்த சொல், நாளடைவில் விரைந்து ஓடுதலைக் குறிப்பதாயிற்று. ‘பாஸ்ட்லி’ என்பதும் ஒருகாலத்து உறுதியாக என்னும் பொருளில் வழங்கிப் பின்பு வீழ்ந்ததே. எம் நண்பர் இல்லாத சொல்லைப் படைத்தாரல்லர். இறந்துபட்ட சொல்லொன்றை வேறு பொருளில் எழுப்பினார்!

இவ்வினத்துச் சொற்கள் சிலவற்றோடு ‘லி’ சேர்ப்பின் பொருளே மாறும். ‘ஹீ ஒர்க்ஸ் ஹார்ட்’ என்றால் அவர் கடிதின் உழைக்கின்றார். ‘ஹீ ஹார்ட்லி ஒர்க்ஸ்’ என்றாலோ அவர் உழைப்பதே அரிது. ‘லேட்’ என்பது காலந்தாழ்த்து. ‘லேட்லி’ என்பது அண்மையில். ‘பாஸ்ட்லி’ என்பார் நகைக்கப்படுதலோடு தப்புவர். நற்சான்று எழுதுவார் ‘ஹார்ட்லி’ என்று பிழைப்பின், புகழ் இகழாய் முடியும்.

இனி, சொல் நிற்கும் இடத்தை நோக்குவோம். இரும்புலியூர் வழியே தெற்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை போன்ற சாலைகளில் ‘கோ ஸ்லோ’ என்னும் எச்சரிக்கைப் பலகையைக் கண்டிருப்பீர்கள். ஈண்டு ‘ஸ்லோ’ என்பதும் ‘லி’ பெறாத வினையடையே, பிழையன்று. ஆயின் இத்தகைய சொற்கள் வினைக்குப் பின்னரே நிற்கும். ‘ஹீ க்விக்லி ஷட் த டோர்’ எனலாம். ‘ஹீ பாஸ்ட் ஷட் த டோர்’ எனல் ஆகாது. உறழ்ந்து கூறுமிடத்தும் ‘பாஸ்டர்’ என்க. ‘மோர் பாஸ்ட்’ என்னற்க.

இதனினும் பெரிய இடர் ‘சீக்கிரம்’ என்னும் சொல்லால் விளைவது. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல்; எம் கல்லூரி தாம்பரத்துக்குப் பெயர்ந்தது 1937-இல். அன்றுதொட்டு ரயிலின்மேற் பழிபோடாத மாணவர் அரியர். காலந்தாழ்த்து வந்த மாணவர் ஒருவர், ‘ரயில் சீக்கிரம் போய்விட்டது’ என்று கருதி, ‘த டிரெயின் வென்ட் பாஸ்ட்’ என்பாராயின், கேட்கும் ஆசிரியர் யாது கொள்வார்? ரயில் வேகமாய்ச் சென்றது எனின், மாணவரும் விரைந்தன்றோ வந்திருத்தல் வேண்டும்! குறித்த நேரத்துக்கு முன்னரே புறப்பட்டது என்பதே அவர் கருத்தாயின், ‘த டிரெயின் லெப்ட் எர்லி’ என்றல் வேண்டும். இன்னுஞ் சிறிது நேரத்தில் வரும் என்பதற்கு ‘ஸூன்’ என்க. ஓட்டத்தின் வேகத்துக்குப் ‘பாஸ்ட்’ என்க. செயல் சிறுபொழுதில் முடிதற்கு ‘க்விக்லி’ என்க. ‘விரைவில்’, ‘விரைவாக’, ‘முன்னதாக’ என நம் செந்தமிழும் இவற்றை வேறுபடுத்தியே கூறும். பேச்சு வழக்கே அனைத்தையும் ‘சீக்கிரம்’ என்னும் ஒன்றில் அடக்கியது. ஆதலின் தமிழைத் திருந்த எண்ணுவார்க்கு ஆங்கிலமும் திருந்தும்.

விரைவைக் குறிக்கத் தமிழுக்கு வேறு வழிகளும் உள. கதழ்வு, துனைவு என்னும் உரிச்சொற்கள் விரைவுப் பொருளன எனத் தொல்காப்பியர் கூறுவர். அன்றியும், விரைவு கருதியவிடத்து இனி நிகழ்வதனை இறந்தகாலத்தாற் கூறலாம் எனவும் அவர் விதித்தனர். அன்னை அழைக்க, வாயிலில் நிற்கும் மகன் ‘இதோ வந்துவிட்டேன்’ என்பது இதுவே. வினையடை ஒன்றுமின்றிக் காலமே விரைவை உணர்த்துகின்றது. இதனை ‘ஐ கேம்’ என்று பெயர்ப்பின் ஆங்கிலேயர் மயங்குவர். ‘ஐ ஆம் ஜஸ்ட் கமிங்’ என்றல் முறை. ‘பாம்பு பாம்பு’ என அடுக்கிக் கூறுதலும் விரைவு பற்றியதே. 1856-இல் ஒப்பிலக்கணம் வெளியிட்ட கால்டுவெல் ஐயர், திராவிட மொழிகளில் வினையடை எனத் தனிச் சொல்லினம் இல்லை என்றும், பெயரும் வினையுமே அத்தொழிலைச் செய்கின்றன என்றும் கருதினர். நம் ‘ஆக’ என்பதும் ‘ஆதல்’ என்னும் வினையின் வழிவந்ததே.

ஆதலின் ஆங்கிலத்தில் விரைவைக் கூறப் புகுவார், ‘யான் கருதுவது வேகமோ, சிறுபொழுதோ, முன்னேரமோ?’ எனத் தம்மைத் தாமே முதற்கண் வினவிக்கொள்க. விடை தோன்றின் சொல்லும் தோன்றும்.

இறுதியாக ஒன்று. கிராமங்களினின்று வந்து, தம் குடியில் முதன்முதலாக ஆங்கிலம் கற்கும் மாணவர் இக்கல்லூரியில் உளர். அவருள் ஒருவர் ‘பாஸ்ட்லி’ என்பாராயின், நகைக்க விரையாது, காரணத்தைப் பொறுமையாக எடுத்துரைப்போமாக. வாயடைத்துப்போன எம் பள்ளி நண்பருக்கு யாம் அன்று செய்யத் தவறியது அதுவே.