தெரியாத சொல்லுக்குப் பக்கத்துச் சொல்லே சாட்சி

முன்னாளில் அறுவடைக் காலத்தில் படுவான்கரைக்கு வந்த வெளியூரார் ஒருவர், "மழை இருட்டுது, சூட்ட மூடுங்க" என்ற சத்தத்தைக் கேட்டுத் திகைத்திருப்பார். சூடு என்றால் வெப்பம் என்றே அவர் அறிவார். ஆனால் மழை, மூடுதல், கண்முன்னே அடுக்கியிருக்கும் கதிர்க்கட்டுகள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்ததும், நெற்போரையே இங்கு சூடு என்கிறார்கள் என்பது அவருக்கு விளங்கிவிடும். எமது பிள்ளைகள் ஆங்கிலம் வாசிக்கும்போதும் இந்த வழியே கைகொடுக்கும்.

மட்டக்களப்புக்கு ஆங்கிலக் கல்வி புதிதல்ல. மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ட் 1814இல் இங்கு வந்து பாடசாலை தொடங்கினார். ஆயினும் வாவியின் இரு கரைகளுக்கும் அக்கல்வி ஒரே அளவில் கிட்டவில்லை. 1990இலும் 2006-2007இலும் இடம்பெயர்ந்து படிப்பை இடையில் விட்ட பிள்ளைகள் பலர் இன்று தாய் தந்தையர். "எனக்கு இங்கிலீசு தெரியாது, புள்ளைக்கு என்னத்தச் சொல்லிக் கொடுக்கிற?" என்று அவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்க வேண்டியதில்லை.

பிள்ளை ஒரு பந்தியை வாசித்து, தெரியாத சொல்லை மட்டும் ஆங்கிலத்திலேயே விட்டு, மற்றதைத் தமிழில் சொல்லட்டும். "பல மாதமாக மழையில்லை. இந்த 'ட்ரௌட்' காரணமாகப் பயிர் கருகியது." மழையில்லாமல் பயிரைக் கருக்குவது எது என்று கேளுங்கள். 'வரட்சி' என்ற விடை பிள்ளையிடமிருந்தே வரும்.

"சென்ற போகம் விளைச்சல் 'அபண்டன்ட்'. ஆனால் இம்முறை ஒரு மூடைகூட மிஞ்சவில்லை." இங்கே 'ஆனால்' என்ற சொல்லே துப்பு. பின்னால் வருவது இல்லாமை. ஆகவே முன்னால் நின்றது நிறைவு.

தெரிந்த சொல்லும் சிலவேளை ஏமாற்றும். "வெள்ளத்துக்குப் பயந்து ஆற்றின் 'பேங்க்' மீது ஏறினான்" என்றால் அது காசு போடும் வங்கியாகுமா? ஆறும் வெள்ளமும் பக்கத்தில் நிற்பதால் அது ஆற்றங்கரை.

இம்முறைக்கும் எல்லை உண்டு. கதையொன்றைத் துணையின்றி வாசித்து விளங்க, 100 சொற்களில் ஏறக்குறைய 98 தெரிந்திருக்க வேண்டும் என ஹூ, நேஷன் என்ற ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் எழுதினார்கள். வரிக்கு வரி தெரியாத சொல் வந்தால், பிள்ளையில் குற்றமில்லை. அந்தப் புத்தகம் அவனுக்கு இன்னும் பாரம். இலகுவான ஒன்றைக் கொடுங்கள்.

ஊகித்த பொருளைக் கொப்பியில் எழுதி, மறுநாள் ஆசிரியரிடமோ அகராதியிலோ சரிபார்க்கச் சொல்லுங்கள். சரிபார்த்த சொல்லை வைத்துப் பிள்ளை சொந்தமாக ஒரு வசனம் எழுதினால் அது மனதில் தங்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். பாடப் புத்தகத்தில் ஊகம் பிழைத்தால் திருத்திக்கொள்ளலாம். மருந்துப் போத்தலிலும், காணிப் பத்திரத்திலும், நட்டஈட்டுப் படிவத்திலும் ஊகிக்கக் கூடாது. அங்கே தெரிந்தவரிடம் கேட்டறிந்த பின்பே கையொப்பமிட வேண்டும்.

பெற்றோரே, உங்களிடம் ஆங்கிலம் இல்லாதிருக்கலாம். மேகத்தையும் காற்றையும் வாவியின் நிறத்தையும் பார்த்து நாளைய மழையைச் சொல்லும் பழக்கம் இருக்கிறது. அந்தப் பழக்கத்தைப் பிள்ளையின் புத்தகத்துக்கும் கொண்டுவாருங்கள். இன்றிரவு பத்து நிமிடம் பக்கத்தில் இருந்து, "அதுக்கு முன்னுக்கு என்ன சொல்லியிருக்கு?" என்று கேளுங்கள். தொடங்குவதற்கு அந்த ஒரு கேள்வி போதும்.