சட்டம் தானாக நடக்குமா?

சட்டம் தன் கடமையைச் செய்யும் என்பர். செய்ததா இலண்டனில்?

1993 ஏப்ரல் 22. எல்தம் பகுதியில் பேருந்துக்குக் காத்திருந்த 18 வயது ஸ்டீபன் லாரன்சைக் குத்திக் கொன்றது வெள்ளையர் கும்பல். அவன் செய்த குற்றம்? தோல் கறுப்பு!

கொலைகாரர் இன்னின்னார் எனச் சில நாளிலேயே போலீசுக்குத் தகவல் வந்தது. கைதுக்கோ இரண்டு வாரம்! பெற்றோர் டொரீனும் நெவிலும் தாமே தொடுத்த வழக்கும் 1996இல் தோற்றது. துவண்டனரா? இல்லை, போராடினர்! போலீசிலேயே நிறவெறி புரையோடிக் கிடப்பதை 1999இல் மெக்பர்சன் அறிக்கை எடுத்துரைத்தது. விடுதலையானவரை மீண்டும் விசாரிக்கச் சட்டமே திருந்திற்று. 2012இல் இருவருக்கு ஆயுள் தண்டனை. கும்பலில் மற்றையோர்? இக்கொலைக்குத் தண்டனை பெறவில்லை!

தோழர்களே! சட்டம் தானாக நடக்கவில்லை. தாயும் தந்தையும் 18 ஆண்டுகள் தள்ளினர், நகர்ந்தது. நீதி கேட்டு நிற்போர்க்கு, தள்ளும் கரங்களாக நாம் இருப்போம்!