காலடிப் பாறை – 9
கருங்கல்லும் நடுங்கும்

காங்கேயம் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்குப் பாறையைப் பற்றி நாம் பாடம் எடுக்கத் தேவையில்லை. மேலே மண், அதற்குக் கீழே ஓடக்கல், அதையும் தாண்டினால் வெடி வைத்து இறங்க வேண்டிய கருங்கல். அந்தக் கருங்கல்லிலும் வெடிப்பு இருக்கிற இடத்தில்தான் ஊற்று வரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

எல்லா வெடிப்பும் ஒன்றல்ல. கிணற்றுச் சுவரில் வெங்கச்சங்கல் வெள்ளைப் பட்டையாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வெடிப்பின் இந்தப் பக்கம் ஓடும் பட்டை, அந்தப் பக்கம் ஒரு சாண் இறங்கித் தொடர்ந்தால், அங்கே பாறை எப்போதோ நகர்ந்திருக்கிறது என்று பொருள். இப்படி இரு பக்கமும் இடம் பெயர்ந்த வெடிப்பைத்தான் புவியியலில் பிளவுப்பெயர்ச்சி என்கிறார்கள். கிணற்றில் தெரிவது சாண் அளவு. ஆழத்தில் அதுவே பல கிலோமீட்டர் நீளம் இருக்கலாம்.

ஏன் நகர்கிறது? இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டுகிறது. முட்டுகிற இடம் இமயமலை என்றாலும் அழுத்தம் தட்டு முழுவதும் பரவுகிறது. பாறை உடனே உடையாது. கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து கொடுக்கும். தாங்கும் எல்லை தாண்டியதும் பழைய பிளவு சட்டென்று வழுக்கும். சேர்ந்திருந்த விசை அதிர்வாக வெளியேறும். 1906 சான் பிரான்சிஸ்கோ பூகம்பத்தை ஆராய்ந்த ஹாரி ஃபீல்டிங் ரீட் தந்த விளக்கம் இது.

அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊர் குலுங்கிவிட்டது. 1900 பிப்ரவரி 8 அன்று, பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய கோயமுத்தூர் பகுதியில் ஏறத்தாழ 6 அளவுள்ள நிலநடுக்கம். தென்னிந்தியாவின் பெரும்பகுதி அதை உணர்ந்தது. பழைய, கெட்டியான பாறை அதிர்வை அதிகம் விழுங்காமல் தொலைதூரம் கடத்திவிடும் என்பது அதற்கு ஒரு காரணம்.

அதே நடுக்கம் இன்று வந்தால் காங்கேயத்தில் என்ன நடக்கும்? கோயமுத்தூரிலிருந்து நேர்கோட்டில் சுமார் 65 கிலோமீட்டர். பாறையை அழுக்கியும் இழுத்தும் வரும் முதல்நிலை அலை நொடிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் 11 நொடியில் வந்து சேரும். பக்கவாட்டில் உலுக்கும் இரண்டாம்நிலை அலையின் வேகம் 3.5 கிலோமீட்டர்தான், அது வர 18 நொடிக்கு மேல் ஆகும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுவதைப் போல, இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியை நிலநடுக்கமானி அளக்கிறது. இடைவெளி நொடிகளை எட்டால் பெருக்கினால், நடுக்கம் தொடங்கிய தூரம் ஏறக்குறைய கிடைத்துவிடும். மூன்று நிலையங்களின் கணக்கைச் சேர்த்தால் இடமே தெரியும். பின்னால் நிலத்தின் மேற்பரப்பை ஒட்டி உருண்டு வரும் அலைகள்தான் பெரும்பாலும் கட்டடங்களை அதிகம் ஆட்டிவைப்பவை.

“நம்முது கருங்கல் பூமி, ஒண்ணும் ஆகாதுங்க” என்பது பாதி உண்மை. மகாராஷ்டிரத்தின் கில்லாரியும் கெட்டிப் பாறை மேல்தான் இருந்தது. 1993 செப்டம்பர் 30 அதிகாலை, 6.2 அளவு நடுக்கத்தில் அந்தப் பகுதியில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். மண்ணை வைத்து அடுக்கிய கனத்த கல்சுவர்களே தூங்கியவர்கள் மேல் விழுந்தன. எனவே வீடு கட்டும்போது அடியில் பாறை இருக்கிறதா என்பதோடு, நான்கு சுவரையும் கட்டிப்பிடிக்கிற லிண்டல் பெல்ட் இருக்கிறதா என்றும் மேஸ்திரியிடம் கேளுங்கள்.

பாறையின் அழுத்தத்தோடு அணைத் தண்ணீரின் எடையும் சேர்ந்தால்? 1967 டிசம்பரில் கொய்னா அணைப் பகுதி குலுங்கியபோது எழுந்த கேள்வி அது. அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)