ஒலிப்பெட்டிக்கு முன்னால் – 9: கோடு வாய் திறக்கும்போது

சென்ற வாரம் திரிபை அளந்த அதே மேசைதான். ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டில் ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம் டம்மி லோடு. உள்ளே போகும் அலையை ஆஸிலோஸ்கோப்பின் கிடை அச்சுக்கும், வெளியே வருவதைச் செங்குத்து அச்சுக்கும் கொடுத்திருக்கிறேன். 1 கிலோஹெர்ட்ஸில் திரையில் ஒரே ஒரு சாய்கோடு. இரண்டு அலைகளும் அடி பிசகாமல் சேர்ந்து நடக்கின்றன.

அதிர்வெண்ணை மெல்லக் கூட்டுகிறேன். 20 கிலோஹெர்ட்ஸில் கோடு வாய் திறந்து, மாவிலைபோல ஒடுங்கிய நீள்வட்டமாகிவிட்டது. அதன் மொத்த உயரம் 8 பிரிவு. நட்ட நடுக்கோட்டை அது வெட்டும் இரு புள்ளிகளுக்கு இடையே 1.6 பிரிவு. வகுத்தால் 0.2. சைன் மதிப்பு 0.2 ஆக இருக்கும் கோணம் 11.5 பாகை. அதுதான் கட்ட வேறுபாடு.

இரு சானலுக்கும் ஒரே வகை ப்ரோபை மாட்டுங்கள். இல்லாவிட்டால் ப்ரோபின் குற்றம் ஆம்ப்ளிஃபையர் தலையில் விழும். இன்னொன்றை வற்புறுத்திச் சொல்கிறேன்: பிரிட்ஜ் வகை ஆம்ப்ளிஃபையரில் ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் மின்னழுத்தம் உண்டு. அதில் ஸ்கோப்பின் எர்த் கிளிப்பைக் கடிக்கவிட்டால் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் போய்விடக்கூடும்.

11.5 பாகை என்றதும் பதறுகிறவர்கள் உண்டு. பதற வேண்டாம். 20 கிலோஹெர்ட்ஸில் ஒரு முழு அலைக்கு 50 மைக்ரோசெகண்ட். அதில் இந்தப் பிசகு 1.6 மைக்ரோசெகண்ட்தான். அந்த நேரத்தில் ஒலி காற்றில் அரை மில்லிமீட்டர் நகரும். நாற்காலியில் சற்றுச் சாய்ந்தாலே உங்கள் காது அதைவிட அதிகம் நகர்ந்துவிடுகிறது. எனக்குக் கவலையெல்லாம், உள்ளே பின்னூட்ட வளையத்தில் சேரும் பாகைகள்தான்.

1927 ஆகஸ்ட் 2 காலை, வேலைக்குப் போகும் வழியில் ஹட்சன் ஆற்றுப் படகில் பெல் ஆய்வகப் பொறியாளர் ஹரால்ட் பிளாக் நியூயார்க் டைம்ஸ் தாளில் குறித்துக்கொண்ட யோசனை எதிர்ப்பின்னூட்டம். வெளியீட்டில் ஒரு பங்கை எடுத்து உள்ளீட்டுக்கு எதிராகத் திருப்பிவிட்டால் திரிபு அடங்கும். ஆனால் வளையத்தில் கட்டம் மேலும் 180 பாகை பிசகும் அதிர்வெண்ணில் பெருக்கம் மிச்சமிருந்தால், எதிர்க்க வந்தது கூட்டுச் சேர்ந்துவிடும். ஆம்ப்ளிஃபையர் தானே ஆஸிலேட் ஆகும்.

1947-இல் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் வில்லியம்சன் வெளியிட்ட வால்வு ஆம்ப்ளிஃபையரைப் பாருங்கள். 20 டெசிபெல் பின்னூட்டம். அந்த வளையத்துக்குள் இரண்டு இடங்களில் கண்டன்சர் இணைப்பு, கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். தாழ் அதிர்வெண்ணில் மூன்றும் ஆளுக்கு 90 பாகை வரை பிசக வல்லவை. கூட்டினால் 270! அதனால்தான் அவர் டிரான்ஸ்ஃபார்மரில் அத்தனை கண்டிப்பாக இருந்தார். மட்டமான டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டுக் கட்டினால், பாட்டே போடாதபோதும் ஸ்பீக்கர் மோட்டார் படகுபோல டபடபவென்று அடிக்கும்.

திரையில் பார்த்த நீள்வட்டம் வளையத்தின் உள்நிலவரத்தை நேரடியாகச் சொல்லாது. அதற்குச் சதுர அலை வேண்டும். 10 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையைக் குறைந்த அளவில் கொடுத்து, டம்மி லோடுக்கு இணையாக ஒரு சிறு கண்டன்சரை வைக்கிறேன். அலையின் மேல்விளிம்பில், குளத்தில் கல் விழுந்ததுபோல, நாலைந்து சிற்றலைகள் எழுந்து அடங்குகின்றன. அவற்றை அடுத்த வாரம் எண்ணுவோம்.