சோலாரும் இருக்கு, கீசரும் இருக்கு... ஆனா வெந்நீர் மட்டும் வரலையே, ஏன்?

ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துவிட்டால் புதுக்கோட்டை, ஆலங்குடி, அறந்தாங்கி பக்கம் இந்தப் புலம்பலைக் கேட்கலாம். 'மொட்டை மாடியில சோலார் போட்டாச்சு, பாத்ரூம்ல கீசரும் இருக்கு. ஆனா குழாயைத் திறந்தா பச்சைத் தண்ணிதான் வருது!' பல வீடுகளில் கோளாறு கருவியில் இல்லை. இரண்டையும் இணைத்த விதத்தில்தான் இருக்கிறது.

சோலார் ஹீட்டர் எப்படி வேலை செய்கிறது?

மாடியில் சாய்வாக நிற்கும் கண்ணாடிக் குழாய்கள் இரட்டை அடுக்கு கொண்டவை. நடுவில் காற்றே இல்லாத வெற்றிடம். உள்ளே போன வெப்பம் வெளியே தப்பாது. சூடான தண்ணீர் லேசாகி மேலே டேங்குக்கு ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். மோட்டாரே தேவையில்லை.

ஒரே நிபந்தனை: பச்சைத் தண்ணீர் தொட்டி, சோலார் டேங்கைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் டேங்க் முழுசா நிரம்பாது.

கீசர் எங்கே உள்ளே வருது?

நமக்கு வெந்நீர் அதிகம் தேவைப்படுவதே வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான். அப்போதுதான் வெயிலும் இருக்காது. அந்தக் குறையை நிரப்ப இரண்டு வழிகள்:

• சோலார் டேங்குக்குள்ளேயே மின்சார ஹீட்டர் வைப்பது. ஆனால் ஒருவர் குளிக்க 200 லிட்டரையும் சூடாக்க வேண்டி வரலாம். அத்தனையையும் 25 டிகிரியிலிருந்து 40-க்குக் கொண்டுவர சுமார் 3.5 யூனிட் ஆகும்.

• சோலார் தண்ணீரை கீசர் வழியாக அனுப்புவது. வரும் தண்ணீர் ஏற்கெனவே சூடாக இருந்தால் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை எடுக்கவே விடாது. வெதுவெதுப்பாக இருந்தால் மிச்ச சூட்டை மட்டும் கீசர் ஏற்றும்.

பில்லில் என்ன வித்தியாசம்?

15 லிட்டர், 2,000 வாட் கீசரை எடுத்துக்கொள்வோம். 25 டிகிரி தண்ணீரை 60-க்கு ஏற்ற சுமார் 18 நிமிடம், 0.6 யூனிட். அதே தண்ணீர் சோலாரிலிருந்து 45 டிகிரியில் வந்தால் 8 நிமிடம், 0.26 யூனிட் போதும். தினமும் நான்கு முறை என்றால், இரண்டு மாத பில்லில் சுமார் 146 யூனிட் எங்கே, 63 யூனிட் எங்கே!

அப்புறம் ஏன் பச்சைத் தண்ணி வருது?

மிக்ஸர் குழாயில் இரண்டு லைனும் சந்திக்கின்றன. பிரஷர் பம்ப் போட்ட பச்சைத் தண்ணீர் லைன் வேகமாக வந்து, வெந்நீர் லைனையே பின்னால் தள்ளிவிடும். இதைத் தடுப்பது 'நான் ரிட்டர்ன் வால்வ்'. சின்ன பாகம்தான், ஆனால் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்த வில்லன் உப்பு. போர் தண்ணீரில் கடினத்தன்மை அதிகமென்றால் ஹீட்டர் காயில் மேல் வெள்ளைப் படலம் படியும். கரண்ட் போகும், சூடு ஏறாது. கடைசியில் காயிலே போய்விடும்.

லண்டன் வீட்டில் எப்படி?

அங்கே பல வீடுகளில் ஒரே பாய்லர்தான் ரேடியேட்டருக்கும் குழாய்க்கும். குழாயைத் திறந்ததும் ஒரு வால்வு திரும்பி, வீட்டைச் சூடாக்குவதைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு வெந்நீருக்கு முன்னுரிமை தரும். ரேடியேட்டர் தண்ணீரும் குளிக்கும் தண்ணீரும் கலப்பதே இல்லை. வெப்பம் மட்டும்தான் கைமாறும். நமக்கு வீட்டைச் சூடாக்க வேண்டிய அவசியமில்லை. அந்த வேலையை வெயிலே பார்த்துக்கொள்கிறது!

இதில் அலட்சியம் வேண்டாம்

• வெந்நீர் லைனுக்கு சாதாரண பிவிசி கூடாது, இளகிவிடும். சிபிவிசி பைப் போடுங்கள்.

• சோலார் டேங்கின் காற்றுக் குழாயையும், கீசரின் பிரஷர் வால்வையும் ஒருபோதும் அடைக்காதீர்கள். அழுத்தம் கூடினால் டேங்க் வெடிக்கலாம்.

• 60 டிகிரி தண்ணீர் சில விநாடிகளில் தோலைப் புண்ணாக்கும். குழந்தைகளுக்கு முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர்.

• எர்த்திங்கும், கசிவு மின்சாரத்தை நிறுத்தும் ஆர்சிசிபியும் கட்டாயம்.

• கேஸ் கீசரை மூடிய பாத்ரூமுக்குள் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. மயங்கி விழும்வரை தெரியாது.

அடுத்த முறை பிளம்பர் வரும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: 'நான் ரிட்டர்ன் வால்வ் எங்கே? காயிலை எப்போ கழற்றிச் சுத்தம் செய்யணும்?'