கிரகணத்தின் மேல் பழி போடும் முன்

ஐந்தருவியில் சாரல் பிடித்துவிட்டால் ஊரே குளிக்கக் கிளம்பும். அங்கிருந்து கிழக்கே பாவூர்சத்திரம், ஆலங்குளம், கடையம் பக்கம் போனால் வேறு காட்சி. திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்த பெண்கள். மடியில் சுளகு, சுளகில் வெட்டிய இலை, பீடித் தூள், நூல். விரல்கள் நிற்பதே இல்லை. அவர்களில் மாசமாக இருப்பவர்களும் உண்டு.

உதடு பிளந்து ஒரு குழந்தை பிறந்தால் முதலில் வரும் கேள்வி, "கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தியா?" பெற்றவள் ஆயுசுக்கும் அந்தப் பழியைச் சுமக்கிறாள். கிரகணத்துக்கும் உதட்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பரம்பரை, சில மாத்திரைகள், தாயின் சர்க்கரை நோய் எனக் காரணங்கள் பல. அதில் ஒன்று புகை. இன்ன குழந்தைக்கு இதுதான் காரணம் என்று பெரும்பாலும் விரல் நீட்ட முடியாது. புகையிலையை நாம் தடுக்க முடியும் என்பதால்தான் அதைப் பேச வேண்டியிருக்கிறது.

கருவில் உதடு கூடுவது 4 முதல் 7 வாரத்துக்குள். நாள் தள்ளிப்போய், சந்தேகப்பட்டு, சோதித்துப் பார்ப்பதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். அதனால் பிள்ளைக்கு ஆசைப்படும்போதே புகையிலையை நிறுத்துவதுதான் நல்லது.

நிக்கோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிள்ளை எடை குறைந்தோ, மாதம் நிறையாமலோ பிறக்கலாம். வெற்றிலையோடு வாயில் அடக்கும் புகையிலையில் புகை இல்லை, நிக்கோடின் உண்டு. வாயில் எதையும் போடாமல் பீடி சுற்றுகிறவருக்குக்கூட அது தோல் வழியும் தூசி வழியும் ஏறும். கூலியை நம்பியிருப்பவரிடம் வேலையை விடு என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. கர்ப்ப மாதங்களிலாவது சுளகை வீட்டில் வேறொருவர் வாங்கிக்கொள்ளலாம். முடியாவிட்டால் காற்றோட்டமான இடத்தில் உட்கார்ந்து, சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கணவர் வீட்டுக்குள் பீடி பிடிப்பது உடனே நிற்க வேண்டும்.

மது வேறு விதம். அது நேரே மூளையைக் குறிவைக்கிறது. மது குடித்த தாய்மாரின் குழந்தைகளிடம் ஒரே சாயலான முக அமைப்பும் வளர்ச்சிக் குறைவும் இருப்பதை 1973-இல் அமெரிக்க மருத்துவர்கள் விவரித்தார்கள். இவ்வளவு குடித்தால் ஆபத்தில்லை என்று ஓர் அளவு இன்றுவரை இல்லை. கஞ்சாவை 'மூலிகைதானே' என்பார்கள். உறுப்புக் குறைபாட்டுக்கான சான்று மதுவுக்கு உள்ளதுபோல் வலுவாக இல்லை. எடைக் குறைவுக்கு உண்டு.

போதைக்காக வலி மாத்திரையோ ஊசியோ பழகியவர்களும், தினமும் நிறையக் குடித்துப் பழகியவர்களும் தாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. அது கருவையே பாதிக்கலாம். மருத்துவர் மாற்று மருந்து கொடுத்துப் படிப்படியாகக் கொண்டுவருவார். மற்றபடி எந்த மாதத்தில் நிறுத்தினாலும் பிள்ளைக்கு லாபம்தான்.

கிராம சுகாதார நர்ஸ் வரும்போது முந்தானையில் முடிந்த புகையிலையை மறைப்பவர்கள் இருக்கிறார்கள். மறைக்க வேண்டாம், அம்மா. திட்டுக்குப் பயந்தால் 104 மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். பிளவோடு பிள்ளை பிறந்துவிட்டால் அதற்கும் வழியுண்டு: நிமிர்த்திப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் புகட்டி, எடை ஏறிய சில மாதங்களில் உதட்டைத் தைத்துவிடலாம். அரசு வழியாக அந்த அறுவை சிகிச்சை இலவசம்.